நாற்பத்தொரு விநாடிக்கு ஓர் அஞ்சல்தலை

ஒரு நாட்டின் நாகரிகத்தை, அது யாருக்குச் சிலை வைக்கிறது என்பதைக் கொண்டு அளக்கக் கூடாது. யாருடைய முகத்தின் பின்புறம் எச்சில் தடவுகிறது என்பதைக் கொண்டுதான் அளக்க வேண்டும். சிலை வைத்தால் காக்கை வந்து உட்காரும். அஞ்சல்தலை வெளியிட்டால் அரசாங்க முத்திரையே வந்து உட்காரும். இந்தப் பேருண்மையை எங்கள் குழுவின் முதல் கூட்டத்தில் நான் எடுத்துரைத்தபோது ஒருவர் தலையாட்டினார், ஒருவர் தூங்கினார், ஒருவர் டீ சொல்லப் போயிருந்தார். 'ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

குழுவின் முழுப்பெயர் 'மறக்கப்பட்ட வானோடி அஞ்சல்தலைக் கோரிக்கைப் பேரவை'. பேரவை என்றால் நான்கு பேர். தலைவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி பதில் சொல்ல வழியில்லாமல் கிடக்கும்போது முப்பது வருடமாகப் பேசிப் பழகியவர். தலைமைக்கு வேறென்ன தகுதி வேண்டும்? துணைத் தலைவர் ஜெராக்ஸ் கடைக்காரர். அவருடைய கடையின் பின்னறையில், பழுதான இரண்டு மெஷின்களுக்கும் ஒரு தண்ணீர் கேனுக்கும் இடையில்தான் எங்கள் 'தலைமையகம்' இயங்கியது. 'ஆய்வுப் பிரிவு' என்பது ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். செயலாளர் அடியேன்.

என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அழகல்ல என்பதால் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். குடிநீர் வாரியத்தின் தபால் பிரிவில் முப்பத்தோரு வருடம் பணியாற்றியவன் நான். அந்த முப்பத்தோரு வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூடப் படித்ததில்லை. தபால் பிரிவில் இருப்பவன் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தால் அப்புறம் அலுவலகம் உருப்படாது. வந்த கடிதத்துக்கு எண் போட வேண்டும், தேதி குத்த வேண்டும், கோப்பில் சேர்க்க வேண்டும். உள்ளே ஒருவர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அழுதிருப்பார். இன்னொருவர் தண்ணீர் வந்தது, அதில் தவளையும் வந்தது என்று எழுதியிருப்பார். இரண்டுக்கும் என் எண்கள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். ஓய்வுபெற்ற அன்று மேலதிகாரி, "உங்க கையெழுத்துல ஒரு பிசிறு கிடையாது சார்" என்றார். அதை வைத்தே இத்தனை நாள் வாழ்கிறேன்.

எங்கள் வானோடியைக் கண்டுபிடித்தவர் வாத்தியார். அறுபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய செய்தித்தாள் ஒன்றில், கடைசிப் பக்கத்தின் கடைசி மூலையில் அந்தச் செய்தி இருந்தது. ஒரு மோட்டார் மெக்கானிக் தன் பட்டறையிலேயே விமானம் ஒன்றைக் கட்டினார். அது பள்ளி மைதானத்தில் கிளம்பி, மதில் சுவரைத் தாண்டி, நாற்பத்தொரு விநாடி பறந்து இறங்கியது. செய்தியின் கடைசி வரி: 'விமானத்தினுள் மெக்கானிக்கின் தங்கையும் இருந்தார்.' ஏதோ சாப்பாட்டுக் கூடை இருந்ததுபோல. மெக்கானிக் மைதானத்தில் நின்று பார்த்ததாகச் செய்தியே சொன்னதால் உள்ளே வேறு யாரும் இல்லை என்பதையும், ஆகவே ஓட்டியது அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்தான் என்பதையும், ஆளில்லாத விமானம் தானாகத் திரும்பி இறங்காது என்ற நுட்பமான வாதத்தால் வாத்தியார் நிறுவினார். நாங்கள் மெய்சிலிர்த்தோம். டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அஞ்சல்தலைக்குரியவர் மறைந்து பத்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி.

"எப்ப தவறினாங்கன்னு போடறது?" என்றேன்.

"இவ்ளோ பெரிய சாதனை பண்ணினவங்க உயிரோட இருந்தா நமக்குத் தெரியாமலா போயிருக்கும்?" என்றார் வாத்தியார்.

மறுக்க முடியாத தர்க்கம். 'மறைந்து பல ஆண்டுகள்' என்று நிரப்பினேன்.

ஏழு வருடம் உழைத்தோம். அறுபத்து மூன்று மனுக்கள் அனுப்பினோம். எங்களுக்கும் கடிதங்கள் வந்தன. வரும் கடிதத்தை நாங்கள் கையாண்ட முறையைப் பெரிய நிறுவனங்கள் ஆள் அனுப்பிக் கற்றுக்கொள்ளலாம். டாக்டருக்கு அஞ்சல்தலை சேகரிக்கும் பழக்கம் உண்டு. முதலில் அவர் உறையின் மூலையைக் கத்தரித்து எடுத்துக்கொள்வார். பிறகு துணைத் தலைவர் கடிதத்தை மூன்று பிரதி எடுப்பார். வாத்தியார் அதை ஆவணம் என்று அறிவிப்பார். நான் எண் போட்டுக் கோப்பில் கட்டுவேன். நான்கு பேர் கைபட்ட பிறகுதான் எந்தக் கடிதமும் அடங்கும். யாரும் படிக்காமல் விட்டது அலட்சியத்தால் அல்ல. படிப்பது எந்தப் பொறுப்பாளரின் கடமை என்று விதிமுறையில் இல்லை.

ஒரே ஒரு கடிதம் மட்டும் படிக்கப்பட்டது. அது அஞ்சல் துறையிலிருந்து வந்தது. அரசு உறை என்பதால் அதில் ஒட்டிய தலை கிடையாது. கத்தரிக்க ஒன்றும் இல்லாததால், டாக்டர் வேறு வழியின்றி அதைப் பிரித்துப் படித்துவிட்டார். கோரிக்கைக்கு மக்கள் ஆதரவு இருப்பதற்கான சான்றோடு மறுபடி விண்ணப்பித்தால் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதியிருந்தார்கள். அன்று துணைத் தலைவர் தன் கையால் எல்லோருக்கும் டீ ஊற்றினார். அஞ்சல்தலை வெளியிடும்போது கூடவே ஒரு விவரத் தாள் அச்சிடுவார்கள் என்றும், அதன் அடியில் பொடி எழுத்தில் 'கோரிக்கையை முன்னெடுத்த செயலாளர்' என்று என் பெயர் வரும்படி செய்வதாகவும் டாக்டர் வாக்களித்தார். அதன் பிறகு ஒரு வாரம் நான் வீட்டில் நடக்கவே இல்லை, மிதந்தேன்.

ஆதரவைக் காட்ட மாநாடு வேண்டும். மாநாட்டுக்குக் கூடம் வேண்டும். நகராட்சியின் பழைய கிடங்கு ஒன்று பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கேட்டோம். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை நாங்களே லாரி வைத்து அகற்றுகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை: கிடங்குக் கதவில் பேரவை ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும். சாமான்களுக்கு உரிமை கோருபவர்கள் பதினைந்து நாளுக்குள் எங்கள் முகவரிக்கு எழுத வேண்டும். யாரும் எழுதவில்லை என்று பேரவை சான்று கொடுத்தால் லாரி வரும்.

ஒட்டினோம். பதினைந்து நாளில் ஒரு கடிதம் வந்தது. அதற்கு ஐம்பத்தெட்டு என்று எண் போட்டேன். பிறகு, 'உரிமை கோரல் எதுவும் வரவில்லை' என்று பிசிறில்லாத என் கையெழுத்தில் சான்று எழுதிக் கொடுத்தேன்.

மாநாட்டுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. கண்ணாடி முன் நின்று வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையைத் துடைக்க வந்த என் மனைவி, கோப்பை நகர்த்தினாள்; நகர்த்தியவள், திறந்தாள்; திறந்தவள், எங்கள் பேரவை வரலாற்றிலேயே யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள்.

"ஏங்க, உங்க ஆளு செத்துட்டாங்கன்னு யாரு சொன்னா?"

"வரலாறு சொல்லுது."

"வரலாறு மூணாவது தெருவுல, சலவைக் கடைக்குப் பின்னாடி குடியிருக்கு. விலாசம் போட்டிருக்கு பாருங்க."

"அதெல்லாம் ஆவணம். கலைக்காதே."

"லெட்டருங்க இது. படிக்கறதுக்குத்தானே எழுதுவாங்க?"

படித்தாள். ஒன்பதாம் எண், ஆறு வருடத்துக்கு முன் வந்தது: 'ஐயா, நீங்கள் அஞ்சல்தலை கேட்கிற ஆள் நான்தான். உயிரோடு இருக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.' முப்பத்தொன்றாம் எண்: 'ஐயா, முன்பு எழுதினேன். ஒருவேளை கிடைக்கவில்லையோ என்று மறுபடி எழுதுகிறேன். எனக்குத் தலையெல்லாம் வேண்டாம். எங்கள் விமானம் நகராட்சிக் கிடங்கில் கிடக்கிறது. அது பத்திரமாக இருந்தால் போதும்.' ஐம்பத்தெட்டாம் எண்: 'ஐயா, கிடங்கைக் காலி செய்வதாகக் கதவில் ஒட்டியிருக்கிறதாம். விமானத்தை என்னிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள். வைக்க இடம் இருக்கிறது.'

மூன்றிலும் என் எண்கள் நேர்க்கோட்டில் இருந்தன.  என் மனைவி கோப்பை மூடினாள். செருப்பை எடுத்து வாசலில் போட்டாள், என் செருப்பை.

சலவைக் கடைக்குப் பின்னால், ஒரு சிறு முற்றமும் ஓர் அறையும். எண்பத்தொரு வயது அம்மாள் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, யாருடையதோ ஒரு கால்சட்டைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார். துணியைப் பார்க்கவில்லை. விரலால் தடவித் தடவி ஊசி போட்டார்.

"யாரு?"

"பேரவையிலிருந்து வர்றேம்மா. செயலாளர்."

"வந்துட்டீங்களா? உக்காருங்க. இடது பக்கம் ஸ்டூல் இருக்கும். எனக்கு ஆளு நிழலா தெரியும், அவ்வளவுதான்." ஆறு வருடம் தாமதமாக வந்தவனை, ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவனைப் போல வரவேற்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"தப்பு நடந்துபோச்சும்மா. லெட்டர் எல்லாம் கோப்புல..."

"அது கிடக்கட்டும். ஆபீஸ்னா அப்படித்தான். பறந்தது நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எங்க அண்ணனே வெளிய சொன்னதில்ல."

"வாதம் பண்ணிக் கண்டுபிடிச்சோம்."

சிரித்தார். "அதுல வாதம் என்ன இருக்கு? அண்ணன் எழுபத்தஞ்சு கிலோ. நான் நாப்பத்திரண்டு. அந்த இஞ்சினு தண்ணி இறைக்கிற இஞ்சினு. என்னைத்தான் தூக்கும்னு ஏறச் சொன்னான். றெக்கை பூரா நான் தைச்சது. துணி பத்தல, இடது றெக்கைக்கு எங்க அம்மா போர்வையைக் கிழிச்சேன். எறங்கினதும் அம்மா மொதல்ல போர்வை எங்கன்னுதான் கேட்டாங்க."

"பயமா இல்லையாம்மா?"

"ஏறும்போது இல்ல. மேல போனப்புறம், எறங்கச் சொல்லித் தரலையேன்னு ஞாபகம் வந்துச்சு."

பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அண்ணன் போயிட்டான். அதுல அவன் கை பட்டது பாதி, என் கை பட்டது பாதி. கண்ணுலதான் பாக்க முடியாது. தடவிப் பாத்தா ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும். அண்ணன் மகன் வேன் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான். நகராட்சியில போய்க் கேட்டான். பேரவை சான்று குடுத்திருக்கு, அவங்க வாபஸ் வாங்கினா குடுத்துடறோம்னு சொல்றாங்களாம். வியாழக்கிழமை லாரி வருது. ஒரு கையெழுத்துதான் சார்."

"இது ஒரு விஷயமாம்மா? நாளைக்கே வாபஸ் வாங்கிடறேன்."

"நல்லா இருங்க" என்றார். கிளம்பும்போது, என் சட்டையில் ஒரு பித்தான் தொங்குவதை எப்படியோ தடவிக் கண்டுபிடித்து, என்னை நிற்க வைத்து அதையும் தைத்து அனுப்பினார்.

புதன்கிழமை காலை பேரவையின் 'அவசரச் செயற்குழு' கூடியது. நடந்ததைச் சொன்னேன். துணைத் தலைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். யாரோ இறந்த செய்தி வந்ததைப் போல இருந்தது. வந்ததோ, இறக்காத செய்தி.

"இப்ப எப்படி இருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா இருக்காங்க."

"நல்லாவேவா?" நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சர்க்கரை, பிரஷர்?"

"ஊசியில நூல் கோக்கிறாங்க சார்."

துணைத் தலைவர் விரல் விட்டு எண்ணினார். "இனிமே... அதுக்கப்புறம் பத்து வருஷம்... நமக்கே தலை வெளியிடற காலம் வந்துடும் சார்."

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "இது அடையாளக் குழப்பமா இருக்கலாம். மாநாட்டு மலர்ல அவங்க மறைஞ்சதைப் பத்தி நாலு பக்கம் எழுதியிருக்கேன். அச்சாயிடுச்சு." அச்சான பிறகும் ஒருவர் உயிரோடிருப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம் என்ற தொனி அதில் இருந்தது.

"அது அவங்கதான்" என்றேன். "லாரி நாளைக்கு வருது. வாபஸ் கடிதம் எழுதிட்டேன். தலைவர் கையெழுத்துப் போட்டா, எதிர்ல இருக்கிற நகராட்சி ஆபீஸ்ல நானே கொடுத்துட்டு வந்துடுவேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார், வைத்தார். "விமானம் வெளிய வந்தா பத்திரிகைக்காரன் வருவான். பத்திரிகைக்காரன் வந்தா அந்தம்மா பேசுவாங்க. பேசினா உயிரோட இருக்கிறது தெரிஞ்சுபோயிடும். விண்ணப்பம் அன்னைக்கே குப்பைக்குப் போகும். விவரத் தாளும் கிடையாது." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் மேசையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், மேசையில் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தேன். என் பெயருக்குப் பின்னால் புள்ளி வைப்பார்களா, கமா வைப்பார்களா என்றுகூட அந்த நேரத்தில் ஓடியது.

"அனுப்ப வேண்டாம்னு சொல்லல" என்றார் டாக்டர், கையெழுத்துப் போட்டபடி. "நாம மனசாட்சி உள்ளவங்க. அனுப்புங்க. ஆனா நாம அஞ்சல்தலைக்காகப் போராடற பேரவை. கையில கொண்டுபோய்க் கொடுக்கலாமா? தபால்ல அனுப்பறதுதான் கொள்கை."

"சாதாரணத் தபாலா, விரைவுத் தபாலா?" என்று கேட்டார் துணைத் தலைவர்.

"சாதாரணத் தபால் சாமானியனின் தபால்" என்றார் வாத்தியார்.

ஏகமனதாக நிறைவேறியது. இம்முறை யாரும் தூங்கவில்லை.

கடிதத்துக்கு வெளியனுப்புகை எண் போட்டேன். நல்ல தலையாக ஒன்று தேர்ந்தெடுத்து ஒட்டினேன். நகராட்சி அலுவலக வாசலிலேயே தபால் பெட்டி இருக்கிறது. உள்ளே பத்தடி நடந்தால் அதிகாரியின் மேசை. பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டுவிட்டு, சரியாக விழுந்ததா என்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து, தலைமை அஞ்சலகம் போய், பிரித்து, திரும்பி வர மூன்று நாளாகும் என்பது தபால் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவனுக்குத் தெரியாதா? கடமையைச் செய்த நிறைவோடு வீடு திரும்பினேன்.

"குடுத்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"அனுப்பிட்டேன்."

"கையில குடுத்தீங்களான்னு கேட்டேன்."

"தபால்ல."

 அவள் வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள். வியாழக்கிழமை மதியம் கிடங்குப் பக்கமிருந்து இரும்பு அறுக்கும் சத்தம் எங்கள் வீடு வரை வந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"காத்துல தாள் பறக்குது" என்றேன்.

"காத்தே இல்லையே" என்றாள்.

மாநாடு ஞாயிற்றுக்கிழமை வெகு சிறப்பாக நடந்தது. கிடங்கு அவ்வளவு விசாலம் என்று யாருமே நினைத்திருக்கவில்லை. முந்நூறு நாற்காலி போட்டும் இடம் மிஞ்சியது. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மேடையில் எங்கள் நால்வருக்கும் உயரமான நாற்காலிகள். என்னுடையது கடைசி, சுவரை ஒட்டி. ஆதரவுக் கையெழுத்துத் தாள்கள் வரிசை வரிசையாக நகர்ந்தன. வாத்தியார் பேசும்போது பலர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

"அந்த வீராங்கனை ஏறிப் பறந்த விமானம் எங்கே?" என்று முழங்கினார். "தேடினோம்! ஊரெல்லாம் தேடினோம்! ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. காலம் தின்றுவிட்டது!"

நடு வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் எழுந்து நின்றார்.

"வியாழக்கிழமை வரைக்கும் மிஞ்சியிருந்துச்சுங்க" என்றார். குரல் பெரிதாக இல்லை. சாமான்களையெல்லாம் அகற்றி, கூடத்தை நன்றாகக் கழுவி வைத்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "இங்கதான் இருந்துச்சு. நாங்க வேன் கொண்டுட்டு வந்து சேர்றதுக்குள்ள அறுத்துட்டாங்க. போர்வைத் துணி கொஞ்சம் பொறுக்கிக் குடுத்தாங்க. மடியில வச்சிருக்கேன்."

 டாக்டர் முதன்முறையாக வாயைத் திறந்தபடி பதில் சொல்ல வழியில்லாமல் இருந்தார்.

"நான் சண்டை போட வரலைங்க" என்றார் அம்மாள். "ஒருத்தரைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். உங்க செயலாளர்னு ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. ரொம்ப நல்ல மனுஷன். நாளைக்கே வாபஸ் வாங்கிடறேன்னு வாய் நிறையச் சொல்லிட்டுப் போனாரு. சொன்ன வார்த்தை தவறுற ஆளா தெரியல. அவருக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு, உடம்புக்கு முடியாம விழுந்துட்டாரோ என்னவோன்னு மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. அவரு நல்லா இருக்காரா? இங்க இருக்காரா?"

முந்நூறு பேரும் மேடையின் கடைசி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.